கதவுக்காரி

எங்கள் வீட்டுக்கு ஒரே கதவு. பாதி வருஷம் அது எங்களுடையது, மீதி வருஷம் ஒரு பெங்குயினுடையது. செப்டம்பரில் கடலிலிருந்து ஏறி வந்தாள் என்றால் ஏப்ரல் வாக்கில்தான் இறங்கிப் போவாள். அதுவரை நானும் என் புருஷனும் ஜன்னல் ஏறித்தான் போக வேண்டும், வர வேண்டும். விருந்தாளிக்கும் அதே வழிதான். என் தங்கச்சி ஒருமுறை கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கேக்கை முதலில் உள்ளே நீட்டி வைத்துவிட்டு, பின்னாலேயே ஏறி, கேக்கின் மேலேயே இறங்கினாள். அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

வீடு என்று சொல்வதே ஒரு பேச்சுக்குத்தான். பறவைக் காவலருக்குக் குடியிருப்பு வேண்டும் என்று கேட்டதற்கு, மேலிடத்தில் ஒரு பழைய கன்டெய்னரை லாரியில் ஏற்றிவந்து புந்தா மனீயா மேட்டில், கடலைப் பார்த்தாற்போல இறக்கிவிட்டுப் போனார்கள். படகோனியாவின் காற்றுக்கு அந்த இரும்புப் பெட்டி ராத்திரியெல்லாம் முனகும். பக்கவாட்டில் அறுத்து ஒரு ஜன்னல் வைத்தோம். கதவு மட்டும் பழைய கதவு, வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். முதல் வருஷமே ஒரு ஜோடி வந்து வாசலுக்கு நேர் கீழே குழி தோண்டிக்கொண்டது. அந்தக் கதவைத் திறந்தால் இரும்பு விளிம்பு குழியின் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடும். முட்டை இருந்தால் முட்டை, குஞ்சு இருந்தால் குஞ்சு.

அந்தக் குழிக்காரியைத்தான் நான் கதவுக்காரி என்று கூப்பிடுவேன். பறவைக்குப் பேர் வைக்கக்கூடாதாம், என் புருஷன் சொல்வான். பேர் வைத்தால் சொந்தம் கொண்டாட ஆரம்பித்துவிடுவோமாம். வாசலையே எழுதிக் கொடுத்தாகிவிட்டது, பேர் வைத்தால்தானா குடி முழுகிவிடப் போகிறது.

அவன் பேர் அனிசேத்தோ. புந்தா மனீயாவில் காவல் வேலை. பாறையில் நீர்க்காகங்கள், மேட்டில் பெங்குயின்கள், நடுவில் இவன். பார்க்க வருகிற மனிதர்களிடமிருந்து பறவைகளைக் காப்பாற்றுவதுதான் வேலை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அதே பாடம் நடத்துவான். பெங்குயினுக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு ஆள் நீளம் இடம் விடுங்கள். அது பாதையைக் கடந்தால் எவ்வளவு நேரமானாலும் நில்லுங்கள். அதற்கும் கடலுக்கும் நடுவில் போய் மறிக்காதீர்கள். குழிக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். குரலை உயர்த்தாதீர்கள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மாற்றி மாற்றிப் பார்த்தால் அதற்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், பேசாமல் பின்னால் போய்விடுங்கள். வண்டியை எடுக்கும் முன்னால் குனிந்து அடியில் பாருங்கள்.

எல்லாம் நியாயமான பேச்சு, நான் குறை சொல்ல மாட்டேன். என் குறை வேறு. அவன் அதே சட்டத்தை என்னிடமும் வைத்திருந்தான். எனக்குக் கோபம் வந்து தலையைத் திருப்பினால் போதும், இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஊரில் மற்றவளுடைய புருஷன் எல்லாம் பதிலுக்குக் கத்துவான், தட்டைத் தூக்கி எறிவான், அப்புறம் காலைச் சுற்றி வந்து சமாதானம் பேசுவான். என்னுடையவன் நானாக அடங்கும்வரை காற்றில் நிற்பான். ஒரு நாள் வேண்டுமென்றே சாயங்காலம்வரை நான் அடங்கவில்லை. அவன் மூக்கில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில் பிள்ளை எப்படி உண்டானது என்று கேட்காதீர்கள். பறவைகள் கடலுக்குப் போன பிறகு எங்களுக்கும் கொஞ்சம் வாழ்க்கை உண்டு.

ஜனவரி பிறந்ததும் பிள்ளை பிறக்கும் என்றார் டாக்டர். வயிறு பெரிதாகப் பெரிதாக ஜன்னல் சின்னதாகிக்கொண்டே வந்தது. நவம்பரில் ஒரு நாள், பாதி உள்ளே பாதி வெளியே மாட்டிக்கொண்டு தொங்கினேன். அன்றைக்கு அவனிடம் நேராகவே கேட்டேன்.

"வலி வந்தா கதவத் திறக்கணும். இந்த வயித்தோட நான் ஜன்னல் ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

"வலி வர்றதுக்கு முன்னாடியே உன்ன டவுன்ல உன் தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன் எல்வீ."

"நான் கேட்டது அது இல்ல. திறப்பியா, மாட்டியா?"

அவன் இரண்டடி பின்னால் போனான்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட யோசிக்கவில்லை. அந்த நாள் வந்தால் இவன் யார் பக்கம் நிற்பான், என் பக்கமா, கதவுக்காரி பக்கமா. அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ராத்திரி படுத்தால் இரும்புத் தரைக்கு அந்தப் பக்கம் அவள் கழுதை மாதிரி கத்துவாள். நான் இந்தப் பக்கம் விழித்துக்கொண்டு கிடப்பேன்.

அந்த நாள் டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மத்தியானம் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், திடீரென்று பனிக்குடம் உடைந்து கால் வழியே தண்ணீர் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். கோர்தோபாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார்கள் ஒரு பஸ் நிறைய, பாதையில் ஒருவர் பின் ஒருவராக, காற்றுக்குக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் அனிசேத்தோ. நான் அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

வரிசை முழுக்கத் திரும்பியது. முன்னால் நின்ற ஒல்லியான அம்மாள் உதட்டில் விரல் வைத்து, "உஷ். முட்டை மேல உட்கார்ந்திருக்காங்க" என்று கிசுகிசுத்தாள்.

"நானும்தான்" என்றேன்.

அனிசேத்தோ ஜன்னலுக்கு வந்தான். அப்போதும் ஓடி வரவில்லை. ஓடினால் பறவை மிரளும்.

"என்ன எல்வீ?"

"வந்துடுச்சு."

"அடுத்த பஸ்ஸா? அதுக்கு இன்னும் நேரம் இருக்கே."

"பிள்ளைய்யா."

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்கத்தில் இரண்டடி பின்னால் போனான். அப்புறம் முன்னால் வந்தான். மறுபடியும் பின்னால் போனான். எங்கள் ஜீப்பைப் பார்த்தான். அதற்கடியில் வேறொரு ஜோடி அக்டோபரிலேயே குடி வந்தாயிற்று, பிப்ரவரிவரை அது நகராது. மிச்சம் இருந்த ஒரே வண்டி வாத்தியார்களின் பஸ்தான். அதை ஓட்டுகிற துலியோ எங்களுக்குத் தெரிந்த பையன்தான்.

அதற்குள் அந்த ஒல்லி அம்மாள் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பேர் ஹெர்மினியா, பள்ளிக்கூடங்களுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவளாம். எல்லோரையும் உயரப்படி நிற்கவைத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நின்றார்கள். பிறகு, "பிரசவத்துக்குக் கொதிக்கிற தண்ணி வேணும். நல்லாத் தளபுளன்னு கொதிக்கணும். உள்ள போய் அடுப்பு மூட்டுங்க" என்று கிசுகிசுத்தாள்.

பூகோள வாத்தியார் ஒருவர் ஜன்னல் ஏறி உள்ளே வந்தார். கெட்டிலை வைத்தார். அது பாட ஆரம்பித்த உடனே இறக்கிவிட்டார்.

"கொதிச்சுதா?" என்று வெளியிலிருந்து ஹெர்மினியா.

"கொதிக்க விடுவேனா? கொதிச்சா இலை கருகிடும்ல."

மாத்தே என்கிற எங்கள் இலைச் சாறு போடுவதற்கு வைக்கிற தண்ணீரைக் கொதிக்கவிடுகிறவன் எங்கள் நாட்டில் மனுஷனே இல்லை. அந்தப் பழக்கம் பிறந்ததிலிருந்து கையில் ஊறிப்போனது. ஹெர்மினியா அவரை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றினாள். அவரும் சத்தம் வந்ததும் இறக்கினார். மூன்றாவதாக வந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றாள். நுரை கிளம்பியதும் தாங்க முடியாமல் அணைத்துவிட்டு, "என்னால முடியல, மன்னிச்சுக்கம்மா" என்றாள். இதற்குள் யாரோ அந்தத் தண்ணீரை வைத்து மாத்தேயும் போட்டுவிட்டார்கள். குடுக்கை வரிசையில் கைமாறி, ஜன்னல் ஏறி, என்னிடமும் வந்தது. வலிக்கு நடுவில் உறிஞ்சினேன். பொய் சொல்லக்கூடாது, பதமாகத்தான் இருந்தது.

அடுத்த வலியில் நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

"அனிசேத்தோ," என்றேன். "கதவு."

அவன் காலடி கன்டெய்னரைச் சுற்றி வாசல் பக்கம் போவது கேட்டது. வாத்தியார்களின் காலடிகளும் பின்னாலேயே போய், சரியாக இரண்டு ஆள் நீளம் தள்ளி நின்றன.

"சார்," என்று யாரோ கை தூக்கினாற்போலக் கேட்டார்கள். "கூட்டுப் பக்கம் போகக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"எல்லாரும் குறிப்பு எடுத்திருக்கோம் சார்."

"எல்லாரும் கடலப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

"எதுக்கு சார்?"

"நான் ஒரு காரியம் பண்ணப் போறேன். பாத்தா நீங்களும் கத்துக்குவீங்க."

ஒரு பஸ் நிறைய வாத்தியார்கள் கடலைப் பார்த்துத் திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் தொப்பியைக் கழற்றி, சட்டையிலிருந்த வில்லையையும் பிடுங்கி, இரண்டையும் எச்சரிக்கைப் பலகையில் மாட்டியிருக்கிறான். காவல்காரனாக அதைச் செய்ய முடியாது, அதனால் கொஞ்ச நேரத்துக்கு வேலையை விட்டுவிட்டானாம். இதெல்லாம் ஹெர்மினியா பிற்பாடு சொன்னது. அவள் மட்டும் திரும்பாமல் பார்த்திருக்கிறாள். பரீட்சை ஹாலில் நின்று பழகின கண்.

எனக்குக் கேட்டது அவன் குரல் மட்டும். "மன்னிச்சுக்கம்மா," என்றான் கதவுக்காரியிடம். "உள்ள என் பொண்டாட்டி இருக்கா." அவன் அழுதுகொண்டிருந்தான். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

கதவு நாலு விரல் அகலம் திறந்தது. காற்றும் வெளிச்சமும் உள்ளே வந்தன. நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் அவள் எனக்கு நேரெதிரே இருந்தாள், என் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் ஒரு கை தூரம்கூட இல்லை. வலது கண்ணால் பார்த்தாள். தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்தாள். எழுந்து ஓடவில்லை, அப்படியே அழுந்தி உட்கார்ந்தாள். அவள் வயிற்றுக்கடியில் ஒரு முட்டை தெரிந்தது. அதில் சின்னதாக ஒரு பொத்தல். உள்ளேயிருந்து யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து மண் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது. எச்சரிக்கைப் பலகையின் மேல், என் புருஷன் தொப்பிக்குப் பக்கத்தில், ஒரு கடற்புறா வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"நிறுத்து" என்றேன்.

"திறக்கறேன் எல்வீ. நெஜமாத் திறக்கறேன்."

"பாத்துட்டேன். போதும். மூடுய்யா, மண்ணு விழுது."

பறவைமேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதெல்லாம் அந்தத் தாழ்ப்பாளில் இவன் கை ஒரு தடவை விழ வேண்டும் என்பதுதான். விழுந்துவிட்டது. எனக்காக அவன் அதைச் செய்வான். அழுதுகொண்டாவது செய்வான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கதவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நெஞ்சு நிறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வலி வந்து அதையும் கலைத்துவிட்டது.

கட்டில் மெத்தையை ஜன்னல் வழியே வெளியே தள்ளினார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. உள்ளே மூன்று பேர் என்னைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள், வெளியே மற்றவர்கள் உயரப்படி நின்று பிடித்து இழுத்தார்கள். அப்போதுதான் அந்த வரிசை எதற்கென்று புரிந்தது. அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கிற மாதிரி எடுத்தார்கள். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. "மெதுவா", "இடது பக்கம்", "காலு, காலு", எல்லாமே கிசுகிசுப்புதான். கத்தினது நான் ஒருத்திதான். கத்தின ஒவ்வொரு தடவையும் யாராவது சுற்றிலும் பார்த்து, பறவைகளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தலையாட்டினார்கள்.

பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் என்னைப் படுக்கவைத்தார்கள். துலியோ இன்ஜினைப் போட்டான். "இருப்பா" என்று எல்லோரும் இறங்கினார்கள். குனிந்து பஸ்ஸுக்கு அடியில் பார்த்தார்கள். முட்டி வலிக்காரர்களும் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தானே பார்த்தால்தான் நம்பினார்கள். பிறகு ஏறினார்கள்.

"அக்கா, கொஞ்சம் பல்லக் கடிச்சுக்குங்க, டவுனுக்குப் பறந்துடறேன்" என்றான் துலியோ.

அந்த மேட்டைத் தாண்டவில்லை, பஸ் நின்றுவிட்டது. பெங்குயின்கள் கடலில் மேய்ந்துவிட்டு வயிறு நிறைய மீனோடு வீடு திரும்புகிற நேரம் அது. ஒன்றன்பின் ஒன்றாகப் பாதையில் ஏறி, பஸ்ஸுக்கு முன்னால் கடந்துகொண்டிருந்தன. ஒன்று நட்டநடுவில் நின்று, அக்குளைக் கோத ஆரம்பித்தது.

"ஹாரன் அடி" என்றான் அனிசேத்தோ.

பஸ்ஸே திடுக்கிட்டது. பூகோள வாத்தியார் தன் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"எந்த ஹாரன்?" என்றான் துலியோ. "போன சீசன்ல கம்பியப் பிடுங்கி எடுத்துட்டுப் போனது யாருண்ணே?"

"அப்ப நான் இறங்கி விரட்டறேன்."

"விரட்டுங்க. ஆனா இங்க பாதி பேருகிட்ட கேமரா இருக்கு, சொல்லிட்டேன்."

அனிசேத்தோ படிக்கட்டில் ஒரு காலை வைத்தான். அதற்குமேல் யாருக்கும் பேச்சில் வேலை இருக்கவில்லை. என் மகள் அவசரக்காரி, அந்தக் கூட்டம் கடக்கிறவரை அவள் காத்திருக்கத் தயாராக இல்லை. ஹெர்மினியா சட்டைக் கையை மடக்கிவிட்டு, "யாரும் எட்டிப் பாக்கக் கூடாது, போட்டோ கூடாது" என்றாள். எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பின. ஜன்னல்களுக்கு வெளியே பெங்குயின்கள் நின்று, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை.

அதிக நேரம் ஆகவில்லை. ஹெர்மினியா தன் கழுத்துத் துணியில் ஏந்திக்கொண்டாள். ஒரு நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை, என் உயிர் போய் வந்தது. பிறகு அழுதாள் பாருங்கள். அந்தக் கன்டெய்னரில் ராத்திரியெல்லாம் நான் கேட்ட கழுதைக் கத்தல் எல்லாம் ஒன்றுமில்லை.

"உஷ்" என்றது பஸ் மொத்தமும்.

பெற்றவனும் சேர்ந்துதான் சொன்னான். சொல்லிவிட்டு, சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

குழந்தையை என் நெஞ்சின்மேல் போர்த்திப் படுக்கவைத்தார்கள். பஸ்ஸின் இரண்டு பக்கமும் வாத்தியார்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். பஸ் நகர ஆரம்பித்தது. அனிசேத்தோ மட்டும் சீட்டுகளுக்கு நடுவில், சரியாக இரண்டு ஆள் நீளம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். பஸ் குலுங்கியபோதுகூட ஒரு எட்டு முன்னால் வைக்கவில்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது. நான் தலையைத் திருப்புகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க நின்னு என்ன பண்ற?"

கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"தொடலாமா எல்வீ?"

"தொடு," என்றேன். "முதல்ல என்னை."